இலைக்கு மேல் ஒரு கை

“நாலே வரியில சொல்லிருங்கம்மா. அதுக்கு மேல கேக்க எனக்கு நேரமில்லை.”

நாச்சிமுத்து நின்றுகொண்டே கேட்டார். செருப்பை வெளியே விட்டிருந்தார். வலது காலில், பெருவிரலுக்கு அடுத்த விரலில், வெள்ளைக் கட்டு.

தவமணி அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எதைங்கண்ணா?”

“என்ன திங்கணும், எப்படித் திங்கணும். அவ்வளவுதான்.”

சின்னப் பாறைக் குன்றின் மேலிருக்கும் கரட்டு மடத்துக்கு இப்போது தவமணி அம்மாதான் குரு. முந்தைய குரு பெரியசாமி காலமான பிறகு கரண்டி அவர் கைக்கு வந்தது. நாச்சிமுத்துவின் கடைசித் தங்கையைவிட வயதில் சின்னவர். நாச்சிமுத்து அவர் காலில் விழுந்து எழுவார். அவர் நாச்சிமுத்துவை அண்ணா என்பார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இல்லை.

நாச்சிமுத்துவுக்கு நாமக்கல்லில் லாரி ஆபீஸ். முட்டை லோடு. எந்த நேரத்திலும் அவருடைய வண்டி ஒன்று எங்காவது நின்றுபோயிருக்கும். அதனால் எந்த நேரத்திலும் அவருக்கு போன் வந்துகொண்டிருக்கும்.

அப்பா காலத்திலிருந்து அமாவாசைக்கு அமாவாசை அவர் வீட்டு அரிசி மடத்துக்கு வருகிறது. மூட்டையை இறக்குவார், கும்பிடுவார், காரில் ஏறுவார். மடத்துப் பந்தியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

“விரலுக்கு என்ன?”

“செருப்பு கடிச்சதுங்க. ஆற மாட்டேங்குது. சக்கரை. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பாராம் டாக்டரு. இறங்கலைன்னா விரலை எடுத்துருவாராம்.”

“மாத்திரை?”

“போடறேன்.”

“விட்டுறாதீங்க.”

“எங்கப்பாவுக்கும் விரல்லதான் ஆரம்பிச்சுது. அப்புறம் பாதம். அப்புறம் முழங்காலுக்குக் கீழ மொத்தமா.”

லாரி நம்பரைப் படித்துக் காட்டுகிற குரலில்தான் இதைச் சொன்னார். ஆனால் சொல்லும்போது கட்டுப் போட்ட விரலைப் பார்க்கவில்லை.

“டாக்டர் சாப்பாட்டைப் பத்திச் சொல்லியிருப்பாரே?”

“சொன்னாரு. டயட்டீஷியன் ஒரு அம்மிணிகிட்ட அனுப்புனாரு. இத்தனை கிராமு, இத்தனை கலோரின்னு சொல்லுச்சு. நமக்கு லாரி எடை போட்டுப் பாக்கத்தாங்க தெரியும், இட்லி எடை தெரியாது. கம்பு, சாமை, தினை எல்லாம் வாங்கினேன். வீட்டுல டப்பாவுல பத்திரமா இருக்கு. ஒரு மச்சான் பொழுது இறங்குனா திங்காதீங்கன்னான். இன்னொரு மச்சான் காலையில திங்காதீங்கன்னான். ரெண்டு பேரு பேச்சையும் கேட்டா நடுவுல ஒரு டீதான் மிஞ்சுது.”

தவமணி அம்மா சிரித்தார். கீரைக் காம்பை ஒதுக்கிப் போட்டார்.

“இன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?”

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். மூடினார். வாசல் பக்கம் திரும்பினார்.

“மாரப்பா, காலையில நான் என்ன சாப்பிட்டேன்?”

டிரைவர் மாரப்பன் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வீட்டுலீங்களா, கடையிலீங்களா?”

“ரெண்டுந்தான்.”

“வீட்டுல எனக்குத் தெரியாதுங்க. கடையில ஒரு பொங்கல், ரெண்டு வடை. நீங்க பூரிதான் கேட்டீங்க. அவன் மாத்திப் பொங்கலை வச்சுட்டான். போன்ல இருந்தீங்க, தின்னுட்டீங்க.”

“பொங்கலா?”

“ஆமாங்க. அப்புறம் கார்ல ஒரு பாக்கெட் முறுக்கு.”

“அதைத் தின்னது நீ.”

“நான் ரெண்டுதாங்க எடுத்தேன்.”

தவமணி அம்மா கீரையை முறத்தோடு தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“பந்தி போடற நேரம். உக்காருங்கண்ணா.”

“நாலு வரி…”

“சாப்பிட்டுட்டுப் பேசலாம்.”

“உக்காந்து சாப்பிட நேரமில்லைங்கம்மா.”

“நின்னுட்டே சாப்பிட்டா எவ்வளவு நேரம் ஆகும்?”

நாச்சிமுத்து மனதுக்குள் போட்டுப் பார்த்தார்.

“அதே நேரந்தான் ஆகும்,” என்றார்.

உட்கார்ந்தார்.

*

கரட்டு மடத்துப் பந்திக்கு ஒரு வழக்கம் உண்டு. பரிமாறுகிறவர் ‘வேண்டுமா’ என்று கேட்கக் கூடாது. சாப்பிடுகிறவர் ‘போடுங்கள்’ என்று கேட்கக் கூடாது. இலை காலியானால் வந்து போடுவார்கள். போதுமென்றால் இடது கையை இலைக்கு மேல் விரிக்க வேண்டும்.

கூச்சப்பட்டுக்கொண்டு அரை வயிற்றோடு எழுந்து போகிறவர்களுக்காகப் பெரியசாமி வைத்த வழக்கம் அது. புதிதாக வருகிறவர்களுக்கு உட்காரும்போதே சொல்லிவிடுவார்கள். நாச்சிமுத்துவுக்கும் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டினார். அதற்குள் போன் வந்திருந்தது.

சோலாப்பூருக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டார்களாம்.

முதலில் கீரை வந்தது. பிறகு அவரைக்காய்ப் பொரியல். அங்கே சோறு எப்போதும் தாமதமாகத்தான் வரும். மற்றவர்கள் கீரையையும் பொரியலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து இரண்டையும் இலையின் ஓரத்துக்குத் தள்ளிச் சோற்றுக்கு இடம் செய்தார்.

“பேப்பரையெல்லாம் காட்டுனியா? எல்லாத்தையும் காட்டு. அவன் என்னதான் சொல்றான்?”

சோறு வந்தது. சாம்பார் வந்தது. வலது கை பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனது. இடது கை போனைக் காதோடு பிடித்திருந்தது. இலை காலியானது. தவமணி அம்மா வந்து சோறு போட்டார். அதுவும் காலியானது. மறுபடி போட்டார். ரசத்துக்குப் போட்டார். மோருக்குப் போட்டார்.

பேசி முடித்துத் தலையை நிமிர்த்தியபோது பந்தியில் யாரும் இல்லை. பக்கத்து இலைகளை எடுத்துத் தரையைத் துடைத்திருந்தார்கள். ஓரத்தில் கீரையும் அவரைக்காயும் வைத்தது வைத்தபடி இருந்தன. நாச்சிமுத்து எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கை கழுவிவிட்டு வந்தவர் முகம் சரியில்லை.

“ஏனுங்கம்மா, சக்கரைக்காரன்னு தெரிஞ்சும் இப்படியா சோத்தைக் கொட்டுவீங்க?”

“இலை காலியா இருந்துச்சுங்கண்ணா.”

“நான் கேக்கவே இல்லையே.”

“இங்க யாரும் கேக்கறதில்லை. கை வச்சிருக்கலாம்.”

“கை எங்கீங்க சும்மா இருந்துச்சு? ஒரு கையில போனு, ஒரு கையில சோறு.”

“ஆமா,” என்றார் தவமணி அம்மா. “பாத்தேன்.”

நாச்சிமுத்து செருப்பைத் தேடினார். கட்டுப் போட்ட விரல் வாரில் இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

“அந்த நாலு வரி?”

“நாளைக்கு வாங்க. பரிமாற ஆள் வேணும்.”

*

வருகிற உத்தேசம் அவருக்கு இல்லை. காரில் போகும்போது மாரப்பனிடம் அதைச் சொல்லவும் செய்தார்.

“பரிமாறவாமே. நாப்பது பேருக்குச் சம்பளம் போடறவன் போயி சாம்பார் வாளி தூக்கணுமாம்.”

“போயித்தான் பாருங்களேன்.”

“எதுக்கு?”

“நீங்க என்ன தின்னீங்கன்னு ஞாபகம் வச்சுக்கறது எனக்கே கஷ்டமா இருக்குங்க.”

மறுநாள் காலை கட்டு மாற்றினார்கள். நர்ஸ் பஞ்சை எடுத்தபோது அவர் ஜன்னலைப் பார்த்தார். வாசனை மட்டும் வந்தது. அப்பாவின் அறையில் இருந்த அதே வாசனை.

உச்சிப்பொழுதுக்கு மடத்துக்கு வந்துவிட்டார்.

சாம்பார் வாளியைக் கொடுத்தார்கள். இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி. இரண்டாவது இலைக்குப் போகும்போதே சட்டைப் பையில் போன் அடித்தது. நாச்சிமுத்து நின்றார். வாளியைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

போன் அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. திரும்ப ஓய்ந்தது.

அதற்குப் பிறகு பார்ப்பதற்கு இலைகளைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

ஒரு மேஸ்திரி குவித்துக் குவித்துச் சாப்பிட்டார். நான்கு முறை போட்டும் கை வைக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஒரே முறையில் கை வைத்தாள். ஒருவர் பாதி இலை இருக்கும்போதே கையைத் தயாராகத் தூக்கி வைத்திருந்தார். ஒரு பெண் போட்டதைப் பார்த்து, யோசித்து, இன்னும் கொஞ்சம் சாப்பிட்டுப் பிறகு வைத்தாள். யாருடைய கை எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. நாச்சிமுத்துவுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

வரிசையின் கடைசியில் காக்கிச் சட்டை. கண்டக்டர் சென்னியப்பன். கரட்டுக்குக் கீழே அவருடைய பஸ் நின்றிருந்தது. டிரைவர் கீழே டீ குடித்து முடிப்பதற்குள் இவர் மேலே சாப்பிட்டு இறங்க வேண்டும். தாமதமானால் ஹார்ன் அடிப்பார்.

நாச்சிமுத்துவுக்கு அவர்மேல் ஒரு பாசம் வந்தது. நம்மைப் போல நேரமில்லாத ஆள்.

கண்டக்டர் கீரையை முடித்தார். பொரியலை முடித்தார். சோறு வந்ததும் சாம்பார் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். நாச்சிமுத்து இரண்டாம் சுற்று வந்தபோது கண்டக்டர் இடது கையை இலைக்கு மேல் விரித்தார்.

நாச்சிமுத்து குனிந்து, தனிக் கவனத்தோடு, ஒரு கரண்டி சாம்பாரை ஊற்றினார்.

கை விலகவில்லை. சாம்பார் கைமேல் விழுந்தது.

கண்டக்டர் கையை உதறினார். புறங்கை சிவந்துவிட்டது. அதில் ஒரு துண்டு முருங்கைக்காய் ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, எலையில ஊத்தறதைக் கையில ஊத்துறீங்க,” என்றார். “இந்தக் கையிலதான் நான் சில்லறை புடிக்கணும். சாம்பாரோட குடுத்தா வாங்குவாங்களா?”

பந்தி சிரித்தது. கீழே ஹார்ன் கேட்டது. கண்டக்டர் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

நாச்சிமுத்து வாளியோடு அங்கேயே நின்றார். தவமணி அம்மா வந்தார்.

“கை வச்சாருல்லங்கண்ணா?”

“வச்சாருங்க.”

“பாத்தீங்கதானே?”

“பாத்தேன். மரியாதைக்கு வைக்கிறாருன்னு நெனச்சுட்டேன்.”

“மரியாதைக்கா?”

“எங்க வீட்டுல அப்படித்தாங்கம்மா. விருந்தாளி போதும்பாங்க, நாங்க இன்னொரு கரண்டி போடுவோம். போதும்னதும் நிறுத்திட்டா, போடறதுக்கு மனசில்லைன்னு ஊரெல்லாம் பேசுவாங்க. போதும்னு சொன்னா நம்பவே கூடாது. அதுதான் எங்க பக்கத்து முறை.”

“உங்கப்பா இருந்தப்போ?”

“அப்பாவுக்கும் அப்படித்தான். கை வைப்பாரு. யாராவது ஒருத்தரு அந்தக் கையைப் புடிச்சுக்குவோம், இன்னொருத்தரு லட்டு வைப்பாங்க. எல்லாரும் சிரிப்போம். அவரும் சிரிச்சுட்டே…”

நாச்சிமுத்து அங்கே நிறுத்தினார்.

தவமணி அம்மா அவர் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டார்.

*

மடத்தில் பரிமாறினவர் கடைசியில் சாப்பிடுவார். அவருக்குக் குரு பரிமாறுவார். அதுவும் பெரியசாமி வைத்ததுதான்.

நாச்சிமுத்து போனை மாரப்பனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். கீரை வந்தது. சோறு வரவில்லை. கீரையைச் சாப்பிட்டார். பொரியல் வந்தது. அதையும் சாப்பிட்டார். பிறகு சோறு வந்தது. கீரையில் உப்பு கொஞ்சம் குறைவு என்று தோன்றியது. கடைசியாக எப்போது ஒரு பண்டத்தில் உப்பு குறைந்ததை அவர் கவனித்தார் என்று நினைவில்லை.

இலை காலியாகும் நேரத்தில் தவமணி அம்மா சோற்றுத் தட்டோடு வந்தார்.

நாச்சிமுத்துவுக்குச் சந்தேகம் வந்தது. பசிக்கிறதா? பசிக்கவில்லை. வயிறு நிறைந்ததா? அதுவும் இல்லை. இடையில் எங்கோ இருந்தது. அந்த இடத்தில் அவர் இதற்கு முன் நின்றதில்லை.

இடது கையை விரித்தார்.

தவமணி அம்மா குனிந்தார். கரண்டியைச் சாய்த்தார். இரண்டு பருக்கை புறங்கையில் விழுந்தது. சூடாக இருந்தது.

நாச்சிமுத்து கையை எடுக்கவில்லை.

தவமணி அம்மா கரண்டியை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டார்.

வெளியே வந்ததும் மாரப்பன் போனை நீட்டினான்.

“சோலாப்பூர் வண்டி என்னாச்சு?”

“கெளம்பிருச்சுங்க.”

“யாரு பேசுனது?”

“யாரும் பேசலைங்க. நீங்க எடுக்கலை. வண்டி ஓட்டறவனே பேசி முடிச்சுட்டுக் கெளம்பிட்டான்.”

நாச்சிமுத்து போனை வாங்கிப் பார்த்தார். பிறகு பையில் போட்டுக்கொண்டார்.

*

அன்றிரவு வீட்டில் சண்டை வந்தது.

மூன்றாவது தோசைக்கு அவர் தட்டின் மேல் கை வைத்தார். அவர் மனைவி ருக்மணி அதைப் பார்த்துக்கொண்டே தோசையைக் கையின் மேல் போட்டாள்.

“என்னத்துக்கு இந்த நடிப்பு? எடுங்க கையை.”

“போதும்.”

“மாவு புளிச்சிருச்சா?”

“இல்லை.”

“எங்கியோ தின்னுட்டு வந்துட்டீங்க.”

“இல்லை. போதும்.”

கை அங்கேயே இருந்தது. தோசை கையின் மேல் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். தோசை ஆறிப்போனது. ருக்மணி அதை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

“மடத்துக்குப் போயி சாமியாராயிட்டு வந்துட்டாரு,” என்றாள்.

நாச்சிமுத்து நேரம் கிடைத்த மட்டும் மடத்துக்குப் போனார். சில நாள் போக முடியவில்லை. ஒருநாள் கிருஷ்ணகிரியில் மாட்டிக்கொண்டு பரோட்டா சாப்பிட்டார். அதைக் கடையில் உட்கார்ந்து, பரோட்டாவைப் பார்த்து, போனை மேசையில் கவிழ்த்து வைத்துச் சாப்பிட்டார். இரண்டாவதை வைக்க வந்த சப்ளையர் அவர் கையைப் பார்த்துவிட்டு, பில் கேட்கிறார் என்று எண்ணி பில்லைக் கொண்டுவந்தான்.

மாசக் கடைசி வந்தது. டாக்டர் கட்டைப் பிரித்தார். இந்த முறை நாச்சிமுத்து ஜன்னலைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார். டாக்டர் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். ரத்தச் சோதனை முடிவைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார்.

“இப்ப எடுக்க வேணாம்,” என்றார். “ஓரத்துல புதுத்தோல் வருது. அடுத்த மாசம் பாக்கலாம்.”

“அடுத்த மாசம் எடுத்துருவீங்களா?”

“அடுத்த மாசம் பாக்கலாம்னேன்.”

அவ்வளவுதான் அவர் சொன்னார். நாச்சிமுத்துவுக்கு அது போதுமானதாக இருந்தது.

*

அமாவாசை அன்று அரிசி மூட்டை இறங்கியது. தவமணி அம்மா வாசலில் நின்று சாம்பார் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து விழுந்து கும்பிட்டு எழுந்தார்.

“விரல் இருக்குதுங்கம்மா.”

“பாத்தேன். நொண்டாம நடந்து வந்தீங்க.”

“இன்னும் ஒரு மாசம் டைம் குடுத்திருக்காரு.”

“நல்லது.”

“ஒண்ணு மட்டும் பாக்கி இருக்குதுங்கம்மா. நாலு வரி கேட்டேன். நீங்க இன்னும் சொல்லலை.”

தவமணி அம்மா வாளியைக் கவிழ்த்து வைத்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்தார்.

“இன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?”

காரின் பக்கத்திலிருந்து மாரப்பன் வாயைத் திறந்தான்.

நாச்சிமுத்து திரும்பிப் பார்க்காமலே இடது கையை அவன் பக்கம் விரித்தார். மாரப்பன் வாயை மூடிக்கொண்டான்.

“வீட்டுலயே உக்காந்து சாப்பிட்டேன், போனை உள்ள வச்சுட்டு,” என்றார் நாச்சிமுத்து.

தவமணி அம்மா சுண்டுவிரலை மடக்கினார்.

“முதல்ல ஒரு கிண்ணம் அவரைக்காய். இட்லிக்கு முன்னால எவனாவது அவரைக்காய் திம்பானான்னு ருக்மணி கேட்டா. தின்னேன்.”

மோதிர விரல் மடங்கியது.

“அப்புறம் ரெண்டு இட்லி. கம்புல ஊத்துனது, டப்பாவுல கெடந்த கம்பு. கொஞ்சம் சொரசொரன்னு இருந்துச்சு, மெதுவாத்தான் எறங்குச்சு.”

நடுவிரல் மடங்கியது.

“மூணாவது இட்லியோட வந்தா. கை வச்சேன். அவ நின்னு பாத்துட்டு, தட்டைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டா.”

தவமணி அம்மா நாலாவதாக ஆட்காட்டி விரலையும் மடக்கினார். மடக்கிய கையால் வாளியைத் தூக்கி நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

உள்ளே பந்தி உட்கார்ந்துவிட்டது.